குரோசாணி என்ற பெயரைத் தேடி

முதல் நாள், மஷ்ஹத்

கும்பகோணத்தில் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் எழுபத்திரண்டு மர இழுப்பறைகள் உண்டு. தாத்தா காலத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். மேல்வரிசையில் இடக்கோடி இழுப்பறையின் சீட்டு ‘குரோசாணி ஓமம்’. சாம்பலும் பழுப்பும் கலந்த பொடி விதை. சமையல் ஓமத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மயக்கம் தரும் நச்சு விதை. சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். சிறுவயதில் நான் தொடக்கூடாத ஒரே இழுப்பறை அதுதான். அதனாலேயே அந்தப் பெயர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. குரோசாணி என்றால் என்ன என்று கேட்டபோது, “கொராசான் என்று ஒரு தேசம். அங்கிருந்து வந்தது” என்றார் தாத்தா. வரைபடத்தில் தேடினேன். அப்படி ஒரு தேசம் இல்லை.

இன்று அந்த இல்லாத தேசத்தில் வந்து இறங்கியிருக்கிறேன். ஈரானின் வடகிழக்கில் மஷ்ஹத். மாகாணத்தின் பெயர் ரஸவி கொராசான்.

நவம்பர் தொடக்கம். நாலரை மணிக்கே பொழுது சாய்கிறது. பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு, ஷியா முஸ்லிம்களின் எட்டாம் இமாமான ரெஸாவின் தர்காவுக்கு ஓடினேன். பழைய முற்றத்தின் கிழக்கு வாயிலுக்கு மேலே ஒரு மாடம், நக்காரேகானே என்கிறார்கள். சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் அங்கே ஆட்கள் வந்து நின்றார்கள். நீண்ட ஊதுகொம்புகள் எழுந்தன, முரசுகள் அதிர்ந்தன. கொம்பின் குரல் ஒரு தடவை இழுத்து நிற்கும்; முரசு அதைத் தாங்கிப் பிடிக்கும்; மறுபடி கொம்பு. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். துக்க நாட்கள் தவிர, சூரியன் எழும்போதும் மறையும்போதும் தினமும் இது நடக்கிறது.

எனக்குப் புல்லரித்தது. காரணம் இருக்கிறது. கொராசான் என்ற சொல்லே சூரியனைப் பற்றியதுதான். இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகமான பஹ்லவியில் அது ‘குவராசான்’. ‘குவர்’ என்றால் சூரியன், ‘ஆசான்’ என்றால் வருவது. சூரியன் வரும் இடம். நாம் கிழக்கு என்று சொல்வதை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். முதலில் அது ஒரு திசை. பிறகுதான் ஊரானது, நாடானது, மாகாணமானது.

இரண்டாம் நாள், மஷ்ஹத்

விடுதிக்காரர் ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியர். இரண்டு ஆண்டு மாலை வகுப்பில் நான் கற்ற பாரசீகத்தைப் பொறுமையாகத் திருத்துகிறார். பெயரின் பொருளைத் தேடி வந்தேன் என்றதும், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாலு அடிகளை மனப்பாடமாகச் சொன்னார். 11ஆம் நூற்றாண்டில் ஃபக்ருத்தீன் கோர்கானி, ‘வீஸும் ராமீனும்’ என்ற காதல் காவியத்தில் எழுதியவை. பஹ்லவி தெரிந்தவனுக்குக் கொராசான் என்றால் சூரியன் வரும் இடம் என்கிறார் கவிஞர். அதோடு நிறுத்தவில்லை. இராக்குக்கும், ஈரானின் தென்மேற்கிலுள்ள பார்ஸுக்கும் சூரியன் அங்கிருந்தே எழுகிறது என்று சேர்க்கிறார்.

இராக்குக்கும் பார்ஸுக்கும்! ஆசிரியரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த அடிதான். மஷ்ஹத்தில் நிற்பவனுக்குச் சூரியன் மஷ்ஹத்திலிருந்து வருவதில்லை. இன்னும் கிழக்கே, ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது. ஆக இந்தப் பெயரை வைத்தவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள் அல்லர். மேற்கே, வெகு தொலைவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தவர்கள்.

எங்கே நின்று? இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் தலைநகரமான தெசிபோனில். இன்றைய பாக்தாதுக்கு அருகே தைக்ரிஸ் கரையில் இருந்த நகரம். தீர்க்கரேகைக் கணக்குப் பார்த்தேன். தெசிபோனுக்கும் மஷ்ஹத்துக்கும் இடையே 15 பாகை. சூரியனுக்கு அது சரியாக ஒரு மணி நேரப் பயணம். இங்கே வெயில் விழுந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகே அரசனின் அரண்மனைச் சுவரில் வெளிச்சம் படும். அரண்மனையில் இருந்தவர்களுக்கு இது ‘சூரியன் வரும் இடம்’ ஆனதில் வியப்பே இல்லை.

6ஆம் நூற்றாண்டில், முதலாம் குஸ்ரோ காலத்தில், பேரரசு நான்கு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி. கிழக்கு குவராசான். மேற்கு குவர்வரான், சூரியன் போகும் பக்கம். தெற்கு நீம்ரோஸ், அதாவது நடுப்பகல். உச்சிவேளையில் சூரியன் நிற்கும் பக்கம். வடக்குக்கு மட்டும் சூரியக் கணக்கு இல்லை. அதற்கு ‘அபாக்தர்’ என்ற சொல் இருந்தும் அதை விட்டுவிட்டு, அதுர்பாதகான் என்ற நிலப்பெயரைச் சூட்டினார்கள். ஈரானின் வடமேற்கிலுள்ள அஸர்பைஜான் பகுதியின் பழைய பெயர் அது. ஜரதுஷ்டிர நம்பிக்கையில் வடக்கு தீய ஆவிகளின் வாசல், அதனால் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள் என்று விளக்கம் சொல்கிறார்கள். தென்திசையை எமனுக்குக் கொடுத்துவிட்டுத் தெற்கே தலைவைத்துப் படுக்கும் நமக்கு, திசைக்கு அஞ்சுவது புதிதல்ல.

நீம்ரோஸை நினைத்தால் எனக்கு ஊர்தான் நினைவுக்கு வருகிறது. கும்பகோணத்தில் யாரும் தெற்கை நடுப்பகல் என்று அழைத்திருக்க முடியாது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடபுறமாகவே சாய்கிறது. நம் முன்னோர் சூரியனை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மலையிலிருந்து கடலுக்குச் சரியும் நிலத்தில் நின்றவர்கள் வைத்த பெயர்கள். காவிரி ஓடும் பாதை அப்படியே அந்த இரண்டு சொற்களில் கிடக்கிறது.

மாலையில் கடைத்தெரு. நாட்டு மருந்துக் கடைக்கு இங்கே ‘அத்தாரி’ என்று பெயர். உள்ளே நுழைந்ததும் கண் கலங்கிவிட்டது. அதே மர இழுப்பறைகள். அதே தூசி கலந்த காரமணம். “கொராசானி அஜ்வான் இருக்கிறதா?” என்று கேட்டேன். கடைக்காரர் விழித்தார். அப்படி ஒரு சரக்கே கேள்விப்பட்டதில்லை என்றார். செல்பேசியில் படத்தைக் காட்டினேன். “ஓ, பஸ்ருல்பஞ்ச்!” என்று ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளங்கையில் பத்துப் பதினைந்து விதை. சிறுநீரக வடிவில், மணலைவிடச் சற்றே பெரிது. தேன்கூடு போலப் பள்ளம் பள்ளமாக மேல்தோல். எங்கள் மேல்வரிசை இடக்கோடிச் சரக்கேதான்.

“எங்கள் நாட்டில் இதற்குக் கொராசான் பெயர்” என்றேன். “இங்கே இருப்பவர்கள் ஏன் அப்படிச் சொல்லப்போகிறார்கள், சகோதரி? வாங்குகிறவர்கள் வைத்த பெயராக இருக்கும்” என்றார்.

இரவு அப்பாவை அழைத்துச் சொன்னேன். சீட்டுகள் எல்லாம் நைந்துவிட்டன, வண்ணம் பூசிப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். “அப்படியென்றால் நாம் எழுதியிருப்பது தப்பா, அம்மா?” என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள், தூஸ்

மஷ்ஹத்துக்கு வடமேற்கே 25 கிலோமீட்டர். ஃபிர்தவ்சியின் கல்லறைத் தோட்டத்தில் காலைப் பனி. 1010இல் ஷாநாமா என்ற பாரசீகப் பெருங்காவியத்தை முடித்த கவிஞர் இங்கே உறங்குகிறார். இன்றுள்ள நினைவகம் 1934இல் திறக்கப்பட்டது, 1960களில் மறுபடி எடுத்துக் கட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் பெருநகரம் தூஸ்தான். மஷ்ஹத் அன்று சனாபாத் என்ற சிற்றூர். 809இல் கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் இந்த வட்டாரத்தில் இறந்து அங்கே புதைக்கப்பட்டார். 818இல் இமாம் ரெஸாவின் உடலும் அங்கேயே அடக்கப்பட்டது. அவர் நஞ்சூட்டப்பட்டார் என்பது ஷியாக்களின் உறுதி. ‘மஷ்ஹத்’ என்றால் உயிர்த்தியாகம் செய்தவரின் இடம். ஊரின் பழைய பெயரைக் கல்லறை விழுங்கிவிட்டது. மாகாணத்தின் ‘ரஸவி’யும் அவர் பெயர்தான்.

நான்காம் நாள், நிஷாபூர்

மேற்கே இரண்டு மணி நேர பஸ் பயணம். வலப்பக்கம் முழுக்க பினாலூத் மலை கூடவே வருகிறது.

நிஷாபூரைச் சாதாரண ஊர் போலப் பார்க்க என்னால் முடியவில்லை. அரபுப் புவியியலாளர்கள் கொராசானை நான்கு கால் பங்குகளாகப் பிரித்து எழுதினார்கள்: நிஷாபூர், மெர்வ், ஹெராத், பல்க். சாசானியர்களின் ‘கிழக்கு’, அரபு ஆட்சியில் இந்த நான்கு நகரங்களைச் சுற்றிய பெருநிலமாக விரிந்தது. சிலர் ஆமு நதிக்கு அப்பாலுள்ள சமர்கந்து, புகாரா வரைக்கும்கூட அந்தப் பெயரை நீட்டினார்கள். எல்லை ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஆட்சி எதுவரை கை நீட்டியதோ அதுவரை பெயரும் போனது.

பிறகு காற்று திரும்பியது. 747இல் மெர்வ் பக்கத்தில் அபூ முஸ்லிம் கறுப்புக் கொடியை ஏற்றினார். மூன்றே ஆண்டுகளில் அதுவரை ஆண்ட உமையாக்கள் வீழ்ந்து அப்பாஸியர்கள் கலீஃபாக்கள் ஆனார்கள். அவர்களை அரியணை ஏற்றிய படை கொராசான் படை. 762இல் பாக்தாதை வட்டமாகக் கட்டத் தொடங்கியபோது நான்கு வாயில்கள் வைத்தார்கள். ஒன்று கொராசான் வாயில். அரசு அந்தப் பக்கமிருந்தே வந்தது என்பதால் அதற்கு ‘ஆட்சி வாயில்’ என்றும் பெயர். அரண்மனையிலிருந்து பார்த்து ஒரு திசையாகச் சொல்லப்பட்ட நிலம், அரண்மனைக்கே ஆளை அனுப்பும் நிலமாயிற்று. இந்தப் பெயரின் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் இது.

‘கொராசான்’ என்ற சொல்லைப் பிரித்து, ‘எளிதாக உண்’ என்றும் அன்றைக்கே சிலர் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பாரசீகத்தில் ‘கோர்’ என்றால் உண், ‘ஆசான்’ என்றால் எளிது. அதைக் குறித்துவைத்தவர்களில் ஒருவர் புவியியலாளர் யாகூத். மெர்வ் நகரின் பத்து நூலகங்களைப் பற்றி எழுதியவரும் அவரே. பெரும்பாலும் ஈடு ஏதும் வாங்காமலே கொடுத்தார்கள், என் அறையில் எப்போதும் இருநூறு புத்தகம் இருக்கும் என்று உருகுகிறார். அவர் கிளம்பிய சில ஆண்டுகளில், 1221இல், மங்கோலியர் மெர்வையும் நிஷாபூரையும் அழித்தார்கள். புழுதி பறக்கும் இந்தத் தெருவில் நிற்கும்போது அந்த இருநூறு புத்தகங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உமர் கய்யாமின் நினைவுச்சின்னம் 1963இல் எழுந்தது. ஹூஷங் செய்ஹூன் வடித்த வெண்மையான உயர்ந்த விலாக்களின் நடுவே வானம் தெரிகிறது. கவிஞராக நாம் அறிந்தவர் வானியலாளரும்கூட. 1079இல் வழக்குக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்த குழுவில் இருந்தார். சூரியன் மேஷத்தில் நுழையும் நாளே அதில் ஆண்டுப் பிறப்பு. நம் சித்திரை முதல் நாளுக்கும் அடிப்படைக் கணக்கு மேஷம்தான்.

ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அத்தார் கல்லறையில். ஃபரீதுத்தீன் அத்தார், சூஃபிப் பெருங்கவிஞர். ‘அத்தார்’ என்றால் மருந்துச் சரக்கு, வாசனைப் பொருள் விற்பவர். தொழிலே பெயரானவர். நிஷாபூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். எண்கோணக் கட்டடம், நீல ஓட்டுக் குவிமாடம், உள்ளே ஆள் உயரத்தை மிஞ்சும் கருங்கல் பலகை. தாத்தாவின் கடையில் விளக்கேற்றும் நேரத்தில் எழும் மணம் எனக்கு அங்கே வந்தது. உண்மையில் தோட்டத்து ரோஜாவின் மணமாக இருக்கலாம். தாத்தாவுக்காக ஒரு நிமிடம் கண்மூடி நின்றேன்.

இரவு விடுதித் தொலைக்காட்சியில் செய்தி. ‘காவர் மியானே’ என்று அடிக்கடி வருகிறது. மத்தியக் கிழக்கு என்று பொருள். இந்தக் ‘காவர்’, சாசானியர்களின் குவர்வரானின் எச்சம். அன்றைக்கு அது மேற்கு! 10ஆம் நூற்றாண்டுக் கவி ருதகி, விடியலில் சூரியன் கொராசானிலிருந்து காவரை நோக்கி விரைந்தது என்று பாடினார். அவருக்குக் கொராசான் கிழக்கு, காவர் மேற்கு. இன்றைய பாரசீகத்தில் காவர் என்றால் கிழக்கு. பழைய வடக்கான அபாக்தர் ‘பாக்தர்’ ஆகி மேற்கைக் குறிக்கிறது. கொராசான் என்ற சொல் இடப்பெயராக நிலைத்ததும் கிழக்கைச் சொல்ல வேறு சொல் தேவைப்பட்டிருக்கும். காலி நாற்காலியில் காவர் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் ஊகம். நீம்ரோஸ் மட்டும் அசையவில்லை. ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையில் இன்றும் ஒரு மாகாணத்தின் பெயர் அது.

ஐந்தாம் நாள், தொர்பத்தே ஹெய்தரியே

குங்குமப்பூ அறுவடைக் காலம். உலகக் குங்குமப்பூவில் மிகப் பெரும்பங்கு ஈரானில் விளைகிறது. ஈரானில் பெரும்பங்கு கொராசானில். விடியுமுன் வயலுக்கு அழைத்துப் போனார்கள். விரல் விறைக்கும் குளிர். நிலத்தை ஒட்டிக் கத்தரிப்பூ நிறத்தில் மொட்டுகள். வெயில் ஏறிப் பூ விரிந்துவிட்டால் வாடத் தொடங்கும் என்று எல்லாரும் குனிந்த முதுகு நிமிராமல் பறித்தார்கள். சூரியன் வரும் நிலத்தில், சூரியன் வருமுன் முடிக்க வேண்டிய வேலை.

பிறகு வீட்டுக் கூடத்தில் பூக்குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரவைத்தார்கள். பூவை இடக்கையில் பிடித்து, வலக்கை நகத்தால் அடியைக் கிள்ளி இழுத்தால், மூன்று சிவப்பு இழை ஒன்றாய் வரும். அடியில் மஞ்சள் வால். அதோடு கட்டினால் ‘தஸ்தே’. சிவப்பு நுனியை மட்டும் எடுத்தால் ‘சர்கோல்’. நான் ஐம்பது பூ பிரிப்பதற்குள் பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒரு தட்டை நிரப்பிவிட்டார். என் விரல் நுனி மஞ்சளாகிவிட்டது. இரவுவரை கழுவியும் போகவில்லை.

“எந்த ஊர், மகளே?” என்றார் மூதாட்டி. தென்னிந்தியா என்றேன். “நீங்கள் கொராசானியா?” என்று திருப்பிக் கேட்டேன். “வேறென்ன?” என்று சிரித்தார். 2004இல் மாகாணத்தை வடக்கு, ரஸவி, தெற்கு என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்களே என்றேன். “காகிதம் பிரிந்தால் மண் பிரியுமா?” என்றார்.

ஆறாம் நாள், தாய்பாத்

எல்லையோர ஊர். சற்றுக் கிழக்கே தோகாரூன் சாவடி. அதைத் தாண்டினால் ஹெராத் சாலை. எனக்கு அங்கே போக அனுமதி இல்லை.

தேநீர்க்கடையில் ஹெராத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். கொராசான் எங்கே என்று அவரிடமும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ஹெராத்தான் கொராசான். நீங்கள் நிற்கிற இது அதன் வாசற்படி” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழைய நான்கு கால்களில் ஈரானிடம் மிஞ்சியது நிஷாபூர் ஒன்றுதான். ஈரான் 1856இல் ஹெராத்தைப் பிடித்தது. பிரிட்டன் பம்பாயிலிருந்து கப்பற்படை அனுப்பியது. 1857 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஈரான் ஹெராத் மீதான உரிமையைக் கைவிட்டது. மெர்வ் 1884இல் ரஷ்யர்கள் கைக்குப் போய், இன்று துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது. பல்க் ஆப்கானிஸ்தானில்.

பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியதை ஓட்டுநரிடம் சொன்னேன். அரேபியாவுக்கு வெளியே உள்ளதை எல்லாம் அரபிகள் அஜம் என்பதுபோல, இந்துஸ்தானத்தார் தங்கள் நாட்டுக்கு வெளியே உள்ளதை எல்லாம் கொராசான் என்கிறார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் அவர் குறித்தார். காபூலும் கந்தஹாரும் அந்த வழியின் இரண்டு சந்தைகள். வடமேற்குக் கணவாய் வழியாக எது வந்தாலும் நமக்குக் கொராசான் சரக்கு. எங்கள் இழுப்பறையின் பெயரும் அப்படி ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் முகம் வாடியது. “இப்போது வெளிநாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் வெடிகுண்டுதான் நினைவுக்கு வருகிறதாமே?” என்றார். 2015இல் ஓர் ஆயுதக் குழு தன் கிளைக்குக் கொராசான் என்று பெயர் சூட்டிக்கொண்டது. எங்கள் ஊர்ச் செய்தித்தாளிலும் இந்தச் சொல் இன்று அந்த வழியாக மட்டுமே வருகிறது. அத்தாரும் கய்யாமும் ஃபிர்தவ்சியும் வாழ்ந்த நிலத்தின் பெயரைக் கொலைகாரர்கள் எடுத்துக்கொண்டுபோனது எனக்கு வலிக்கிறது. அவரிடம் அதைச் சொன்னேன். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

ஏழாம் நாள், தோகாரூன் சாலை

திரும்புவதற்கு முன் ஒரு விடியலை இங்கே பார்த்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கே எழுந்தேன். சாலையோரம் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வாயில் திறக்கக் காத்து நிற்கின்றன. அடுப்பு மூட்டிய புகை. ஐந்து ஐம்பதுக்கு, கடைசி லாரிக்கும் அப்பால், ஹெராத் பக்கத்துத் தரையிலிருந்து சிவந்து எழுந்தது. மஷ்ஹத்தில் இந்நேரம் முரசு முழங்கியிருக்கும்.

செல்பேசி ஒலித்தது. அப்பா.

“விடிந்துவிட்டதா, அம்மா?”

“இப்போதுதான், அப்பா. கண்ணுக்கு முன்னால்.”

“இங்கே வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. கடை திறந்துவிட்டேன். எழுபத்தோரு சீட்டு எழுதியாயிற்று. மேல்வரிசை இடக்கோடி ஒன்றுதான் பாக்கி. அந்த ஊர்ப் பெயரையே எழுதிவிடட்டுமா?”

“வேண்டாம், அப்பா. குரோசாணி ஓமம் என்றே எழுதுங்கள்.”

“பெரிய றகரமா, சின்ன ரகரமா?”

“தாத்தா எழுதியபடியே. சின்ன ரகரம்.”

தூரிகையைத் தண்ணீரில் அலசும் சத்தம் கேட்டது.